குறை சொன்னவருக்கு ஒரு கார்

பாளையங்கோட்டை ஆவுடைநாயகம் எதை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்வார். சகலை பிறவிப்பெருமாளுக்கு ஒரு நல்லது நடந்தால் மட்டும் பொறுக்கமாட்டார். அக்காள் கோமதியை இவர் கட்டியிருந்தார், தங்கை உலகம்மாளை அவர் கட்டியிருந்தார். மாமனார் வீட்டுப் பந்தியில் யார் இலையில் அப்பளம் பெரிசு என்று ஓரக்கண்ணால் பார்க்கிற மனுஷன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் குடும்பத்தில் முதலில் ஜப்பான் கார் வாங்கியவர் ஆவுடைநாயகம்தான். மினோபே கம்பெனி கார். வாங்கினதோடு விட்டாரா? கம்பெனியின் சரித்திரத்தையும் சேர்த்து வாங்கிவிட்டார். கல்யாண வீடு, சாவு விழுந்த துஷ்டி வீடு என்று பார்க்காமல் எங்கும் அதே பேச்சு.

"மினோபேங்கிறவரு முதல்ல வயலுக்குத் தண்ணி இறைக்கிற மோட்டார்தான் செஞ்சுக்கிட்டு இருந்தாரு. பிறகுதான் கார். முதல் காரை வாங்கின டாக்டர் மழையில நனைஞ்சுக்கிட்டே வந்து, கதவு இடுக்குல தண்ணி ஒழுகுதுன்னு சத்தம் போட்டாராம். மினோபே கோவிக்கலையே! கதவைத் திருத்திப் புதுக் கார் செஞ்சு, அதை அந்த டாக்டருக்கே சும்மா குடுத்துட்டாரு. இன்னைக்கும் வருஷா வருஷம், எங்க கார்ல இன்ன குறைன்னு சொல்லி எங்களைத் திருத்தவச்ச ஒருத்தருக்குப் புதுக் கார் உண்டு."

'எங்க கார்' என்பார், 'எங்களை' என்பார். மினோபே என்னவோ இவருக்கு ஒன்றுவிட்ட பெரியப்பா!

பிறவிப்பெருமாள் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, சித்திரை பிறந்ததும் அதே கம்பெனியில் இன்னும் உசத்தியான கார் ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார். குறுக்கே ஏதாவது வந்தால் தானாகவே பிரேக் போட்டுக்கொள்ளும். அதற்கென்று நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒரு சென்சார் வைத்திருந்தார்கள். ஆவுடைநாயகத்துக்கு வயிறு பற்றி எரிந்தது. "நல்லா இருக்கு தம்பி" என்று வாய் சொன்னதே தவிர, கண்ணை அந்தக் காரிலிருந்து எடுக்க முடியவில்லை. அந்தப் பார்வையை உலகம்மாள் கவனித்துவிட்டாள். மறுநாளே எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துக் காருக்கு முன்னால் தொங்கவிட்டாள். வெள்ளிக்கிழமைதோறும் புதுசு கட்டினாள்.

அதிலிருந்து காருக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது. வெறும் ரோட்டில் சடக்கென்று நிற்கும். பின்னால் வந்த பஸ்காரன் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போவான். பிறவிப்பெருமாள் ஷோரூமுக்கு நடையாய் நடந்தார். அங்கே வண்டியை விட்டதும் முதல் வேலை வாட்டர் வாஷ். அதற்காக அந்தப் பழத்தை அறுத்துப் போட்டுவிடுவார்கள். பிறகு ஓட்டிப் பார்த்தால் கார் தங்கமாக ஓடும். உங்கள் கால்தான் தெரியாமல் பிரேக்கில் படுகிறது என்று சிரித்து அனுப்புவார்கள். வீடு திரும்பியதும் உலகம்மாள் மறுபடி கட்டிவிடுவாள். பிறவிப்பெருமாளும் விடவில்லை. "என் கால் இல்ல, கார்லதான் குறை" என்று திரும்பத் திரும்பப் புகார் கொடுத்தார். ஊரே அவரைக் கேலி பண்ணியது. ஆவுடைநாயகத்துக்கோ சொல்லி மாளாத சந்தோஷம்.

இப்படி இருக்கையில் இரண்டு குடும்பமும் பிறவிப்பெருமாளின் காரில் திருச்செந்தூர் போனார்கள். கார் தடுமாறுவதைக் கண்குளிரப் பார்க்கவேண்டும் என்றே ஆவுடைநாயகம் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டார். போகும்போது ஆசை தீர நின்று நின்று போனது. திரும்பும்போது ஒரு இடத்திலும் நிற்கவில்லை. எல்லோரும் முருகன் செயல் என்றார்கள். இவருக்கு மட்டும் முகம் விழுந்துவிட்டது. இறங்கினதும் காரைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கோயில் வாசலில் ஏதோ வண்டி உரசியதில் பழக்கயிறு அறுந்து போயிருந்தது. அட! சென்சாருக்கு நேராக அந்தப் பழம் ஆடியதைத்தான் கார் குறுக்கே ஆள் வருவதாக நினைத்து நின்றிருக்கிறது.

இதைச் சகலையிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல மனசு வருமா? புகார்களை விசாரிக்க ஷோரூமுக்கு ஜப்பான் பொறியாளர் ஒருவர் வந்திருந்தார். நேரே அவரிடம் போனார். "உங்க கார்ல ஒரு குறையும் இல்ல சார். என் சகலை பெண்டாட்டி பண்ணுத கூத்து இது" என்று எல்லாவற்றையும் புட்டுப் புட்டு வைத்தார். சகலை குடும்பத்தைப் பார்த்து ஜப்பானே சிரிக்கட்டும் என்பது அவர் ஆசை.

ஜப்பான்காரர் சிரிக்கவில்லை. "இந்த ஊரில் எல்லாரும் இதைக் கட்டுவார்கள் என்றால், அது தெரியாமல் இங்கே சென்சார் வைத்தது எங்கள் தப்பு" என்றார். சென்சாரை முன்கண்ணாடிக்கு உட்புறம் மாற்றினார்கள். அந்த வருஷத்துப் புதுக் காரும் அந்தக் குடும்பத்துக்கே என்று சொல்லியனுப்பினார்கள். ஆனால் ஒருத்தர் பேரில்தான் தரமுடியும், குறை சொன்னவர் யாரென்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்றார்கள்.

மாமனார் வீட்டில் கூடினார்கள். "இத்தனை நாள் அவமானப்பட்டுப் புகார் குடுத்தது நான்லா?" என்றார் பிறவிப்பெருமாள்.

"நான் கட்டாட்டா இந்தக் குறை தெரிஞ்சிருக்குமா? அத்தான் கண்ணுக்குப் பயந்துதான் கட்டினேன், ஒளிக்க என்ன இருக்கு?" என்றாள் உலகம்மாள்.

ஆவுடைநாயகம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "காரணத்தைக் கண்டுபிடிச்சதும் நான், போய்ச் சொன்னதும் நான். நான் வாய் திறக்காட்டா சென்சார் இன்னும் அங்கனதான் இருக்கும்." புதுக் காரில் சகலை வீட்டு வாசலில் போய் இறங்குவதாக மனசுக்குள் ஏற்கனவே ஒருதரம் ஓட்டிப் பார்த்தும்விட்டார்.

மாமனார் தலையைச் சொறிந்தார். நீங்கள் சொல்லுங்களேன்: அந்தக் கார் யாருக்குச் சேரவேண்டும்?

விடை: பிறவிப்பெருமாளுக்குத்தான். இதைச் சொன்னது மாமனார் இல்லை, கோமதி. "உலகு கயிறு கட்டினா, குறைன்னு யார்கிட்டயும் சொல்லலை. இவுக போய்ச் சொன்னாக, சரிதான். என்ன சொன்னாக? கார்ல ஒரு குறையும் இல்லைன்னுல்லா சொன்னாக! இவுக குறை சொன்னது என் தங்கச்சி மேல. ஊரே சிரிச்சாலும் கார்லதான் குறைன்னு நின்னது உலகு வீட்டுக்காரர் ஒருத்தர்தான்." வேறு யார் சொல்லியிருந்தாலும் ஆவுடைநாயகம் அது பொறாமைப் பேச்சு என்று தள்ளியிருப்பார். சொன்னது கட்டின பெண்டாட்டி. அவருக்குக் கார் கிடைத்தால் பக்கத்தில் உட்கார்ந்து போகவேண்டியவள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவருக்கு.