தூக்கிவிட்ட கை

இந்தக் கதையில் வரும் குருவுக்குத் தாடியும் இல்லை, மரத்தடியும் இல்லை. பெயர் தமயந்தி. வடகரை கால்பந்து கிளப்பின் ஃபிசியோ. ஆட்டத்தில் எவனாவது காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தால், மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மைதானத்துக்குள் ஓடுகிறவர்.

சீடனும் சின்னப் பிள்ளை இல்லை. வயது முப்பத்துமூன்று. பெயர் வியானி. குமரிக் கடற்கரைக்காரன், கிளப்பின் கேப்டன், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பர். பயிற்சியாளர்கள் வந்தார்கள், போனார்கள். அவன் பதினொரு வருஷமாகத் தன் தசைப்பிடிப்பையும் மனக்குழப்பத்தையும் தமயந்தியிடம்தான் கொண்டுபோவான். "அக்கா சொன்னா சரிதான்" என்பான்.

அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு அவன் சிகிச்சை அறைக் கதவைத் தள்ளிய தள்ளில், சுவரில் மாட்டியிருந்த படம் ஒரு ஆட்டம் ஆடி நின்றது.

"கேட்டீங்களாக்கா அநியாயத்தை? எட்டு மேட்ச் தடையாம்! எட்டு!"

"கேட்டேன். காலை ஊனாத. கட்டில்ல ஏறி உக்காரு."

"எனக்கு எட்டு மேட்ச். அவனுக்கு என்ன குடுத்தாங்க தெரியுமா? கண்ணியமா ஆடினான்னு ஃபேர் ப்ளே விருது! எங்க போய் முட்டிக்கிறது?"

தமயந்தி அவன் கெண்டைக்காலில் ஐஸ் பையை வைத்துக் கட்டினார்.

அவன் கோபத்தில் தப்பே இல்லை. நடந்ததைக் கேட்டால் உங்களுக்கும் பற்றிக்கொண்டு வரும்.

மூன்று நாளைக்கு முன்னால், லீக் ஆட்டத்தின் அறுபத்திரண்டாவது நிமிஷம். வியானிக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. புல்லில் விழுந்து துடித்தான். தமயந்தி ஓடிப்போய் மண்டியிட்டுக் காலை நீவிவிட்டார். அப்போது எதிரணி ஃபார்வர்டு அமல்தாஸ் வந்து நின்றான். குனிந்தான். கை நீட்டி வியானியைத் தூக்கிவிட்டான்.

கேலரியே எழுந்து கை தட்டியது. டி.வி.யில் வர்ணனை சொன்னவர், 'இதுவல்லவா விளையாட்டு' என்று உருகிப்போனார். ரெஃப்ரி கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். அடுத்த நொடி, தூக்கிவிட்டவனின் மூக்கில் வியானி ஓங்கி ஒரு குத்து விட்டான். ரத்தம் கொட்டியது. ரெட் கார்டு. உருகிய வர்ணனையாளர் அதே வாயால், 'வெட்கக்கேடு' என்றார்.

தூக்கும்போது அமல்தாஸ் அவன் காதில் சொன்னது யாருக்குத் தெரியும்?

வியானியின் மனைவி ஷெர்லிக்கு நாலு மாசத்துக்கு முன்னால் எட்டாம் மாதத்தில் குழந்தை தவறிப்போனது. முன்கூட்டியே வாங்கிய தொட்டில் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் அவர்கள் வீட்டு மூலையில் நிற்கிறது. அதை எடுக்கவும் மனசு வரவில்லை, பார்க்கவும் முடியவில்லை.

அமல்தாஸ் கேட்டான்: "அண்ணா, தொட்டில வித்துட்டியா?"

தொட்டில் சேதி அவனுக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள். எதிரணிக்காரனுக்கு எந்தக் கால் பலவீனம் என்று பார்ப்பதோடு இந்தத் தொழில் நிற்பதில்லை. அவன் வீட்டில் என்ன சண்டை, யாருக்கு என்ன வியாதி, எந்தச் சாவு புதுசு என்று டிரைவரிடமும் மசாஜ்காரரிடமும் நைசாகக் கேட்டு வைத்துக்கொள்வார்கள். மேட்ச் அன்றைக்கு எடுத்து விடுவார்கள். அசிங்கம் பிடித்த பழக்கம். ஆனால் எல்லா கிளப்பிலும் உண்டு.

"அண்ணான்னு வேற கூப்பிடுறான்க்கா!" என்றான் வியானி. கண் சிவந்திருந்தது. "அந்த வாய்க்கு அண்ணாவாம். மூணு தடவை ஃபேர் ப்ளே வாங்கினவன் நான். இன்னைக்கு ரவுடின்னு எழுதுறானுங்க. ஷெர்லி போனை அணைச்சு வெச்சுட்டா."

"என்ன பண்ணப் போறே?"

அவன் பையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்து நீட்டினான். லீக்கின் ஒழுங்குக் குழுவுக்கு மேல்முறையீடு. சாயங்காலம் ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும். கேவலமாகப் பேசித் தூண்டினான் என்று சாட்சியோடு நிரூபித்தால் எட்டு மேட்ச் இரண்டாகக் குறையும். இல்லையென்றால் இந்த சீசன் முடிந்தது. சீசனோடு அவன் ஒப்பந்தமும் முடிகிறது. எட்டு மேட்ச் வெளியே உட்கார்ந்த முப்பத்துமூன்று வயது ஸ்டாப்பரை எந்த கிளப் கூப்பிடும்?

"அவனுக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார் தமயந்தி.

"ஒரு வருஷம் தடை. அடுத்த மாசம் இந்திய அணி முகாமுக்குப் போறானாம். போகட்டும் பாப்போம்! நீங்க ஒருத்தர்தான் பக்கத்துல இருந்தீங்க. உங்க காதுல விழுந்துச்சில்ல?"

"விழுந்துச்சு."

"சாட்சிக் கையெழுத்துப் போடுவீங்களா?"

"போடுறேன்."

வியானி இவ்வளவு சுலபமாக ஆகும் என்று நினைக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"இரு, இரு. அவன் சொன்னது கேவலம். அதுல ஒரு எழுத்துகூடக் குறைக்காம எழுதுவேன். ஆனா ஒண்ணு. விழுந்தவன் பக்கத்துல மண்டியிட்டு உக்காந்து இத்தனை வருஷமா நான் நிறைய கேட்டிருக்கேன். எழுதினா அதுல முக்கியமானதையும் சேர்த்து எழுதுவேன். ஒண்ணை மட்டும் எழுதறதுக்கு நான் உன் வக்கீல் இல்ல. சாட்சி."

"எழுதுங்கக்கா! தாராளமா எழுதுங்க. இந்த வாய்ப்புழுத்த கூட்டம் மொத்தமும் வெளிய வரட்டும்."

தமயந்தி ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்தார். எழுதினார். பேனாவை வைத்துவிட்டு யோசித்தார். மறுபடி எழுதினார். ஐஸ் கரைந்து கட்டிலில் சொட்டியது. வியானி மணியைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

நாலு மணிக்குத் தாள் அவன் கைக்கு வந்தது. நாலே வரி. முதல் மூன்று வரிக்கு மேலும், சொன்னவர் யார், யாரிடம் என்று எழுத இடம் விட்டிருந்தார். முதல் வரிக்கு மேல் மட்டும் 'அமல்தாஸ், வியானியிடம்' என்று இருந்தது.

முதல் வரியை அவன் படிக்கவில்லை. படிக்கிற மாதிரியா இருக்கிறது அது?

இரண்டாவது வரியைப் படித்தான். மனைவி பிரிந்துபோன ஒரு கோல்கீப்பரிடம் சொன்னது: "இங்க நீ கோல் விடுறே. அங்க உன் வீட்டுக்காரி யாரோட ஆடுறா?"

வியானிக்குப் பொசுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது.

"இது எதுக்குக்கா? இது சும்மா கிண்டல். வாய் விடறதுங்கிறது ஆட்டத்துல பாதி. அந்த கோல்கீப்பர் இதையெல்லாம் மனசுல வெச்சுக்க மாட்டான்."

"அவன் அன்னைக்கு அவங்க பஸ்ல ஏறாம, ஷூவைக் கழட்டாமலே இந்தக் கட்டில்ல ரெண்டு மணி நேரம் படுத்துக் கிடந்தான்" என்றார் தமயந்தி. "அடுத்தது படி."

மூன்றாவது வரியைப் படித்தான். சிரிப்பு நின்றது. திரும்பவும் படித்தான்.

'கேலரியப் பாருடா. உங்கப்பன் நனைஞ்ச சட்டையோட வந்து உக்காந்திருக்கான்.'

"இது யார்கிட்ட சொன்னது?"

"ஒரு பையன்கிட்ட. பதினெட்டு வயசு. பெரிய கிளப்புக்காக ஆடுற முதல் மேட்ச். மூணு வாரம் முன்னாடிதான் அவன் அப்பா மீன்பிடிக்கப் போய்த் திரும்பல. உடம்புகூடக் கிடைக்கல."

வியானி கட்டிலை விட்டு இறங்கிவிட்டான். காலில் கட்டியிருந்த ஐஸ் பை தரையில் விழுந்தது.

"கடல்ல போனவரையா? கடல்ல போனவரை இழுத்தா பேசினான்? எங்க ஊர்ல அப்படிப் போனவங்க பேரை எடுக்கணும்னாலே ஒரு நிமிஷம் வாய் மூடி நின்னுட்டுத்தான் எடுப்போம். இதை எங்க கடற்கரையில வந்து சொல்லியிருந்தா நாக்கை இழுத்து வெச்சு அறுத்திருப்பாங்க!"

"உக்காரு."

"உக்கார முடியாதுக்கா. என் விஷயத்தை விடுங்க. அமல் சொன்னதைவிட இது மோசம். இவனெல்லாம் மனுசனா? ஆயுசுக்கும் பந்தைத் தொட விடக்கூடாது. யாரு அவன்? பேரைச் சொல்லுங்க. நானே என் கையால எழுதுறேன்."

தமயந்தி ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, சுவரிலிருந்த அந்தப் படத்தைக் கழற்றினார். தூசியைத் தட்டி, அதை அவன் கையில் கொடுத்தார்.

கிளப்புக்கே பெருமை தேடித் தந்த படம் அது. கீழே புல்லில் இருபத்தேழாம் எண் சட்டை போட்ட ஒரு பையன், முதுகைக் காட்டிக்கொண்டு. அவனைக் கை கொடுத்துத் தூக்கிவிடுகிற வியானி. கீழே பெரிய எழுத்தில் 'உண்மையான விளையாட்டு வீரன்' என்று போட்டிருக்கும். வியானிக்கு முதல் ஃபேர் ப்ளே விருது வாங்கிக் கொடுத்ததே இந்தப் படம்தான். அவன் அம்மா இதில் ஒரு பிரதியை வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டியிருந்தார்.

"இது எதுக்கு இப்போ?"

"ஏழு வருஷம் முன்னாடி. பதினோராவது நிமிஷம். கணுக்கால் பிசகி விழுந்தான். அவங்க ஃபிசியோ வரலை, நான்தான் போனேன். ஓரத்துல ஸ்ப்ரே டப்பாவோட ஒரு கை தெரியுது பாரு. என் கை."

வியானி பார்த்தான். அந்தக் கையைப் பார்த்தான். பையனின் முதுகைப் பார்த்தான். பிறகு தன் முகத்தைப் பார்த்தான். படத்தில் அவன் வாய் லேசாகத் திறந்திருந்தது. சிரிக்கிறான் என்றுதான் இத்தனை வருஷமும் எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவனும் அப்படித்தான் நினைத்திருந்தான்.

தாளை எடுத்து மூன்றாவது வரியை இன்னொரு முறை படித்தான். இந்த முறை உதடு அசைந்தது.

"அக்கா..." என்றான். குரல் இறங்கிவிட்டது. "அது... மனசார சொன்னதில்லக்கா. மேட்ச்சுல வர்றதுதான். வெளிய வந்ததுமே மறந்துட்டேன்."

"மறந்துட்டேன்னு தெரியுது. கொஞ்ச நேரம் முன்னாடி நாக்கை அறுக்கச் சொன்னியே."

அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் திடீரென்று சூடானான்.

"உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. ஏழு வருஷமா இந்தப் படத்துக்குக் கீழ எனக்குக் கட்டுப் போட்டீங்க. ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஒரு அறை விட்டிருக்கலாமில்ல?"

"நாலாவது வரியப் படி."

படித்தான்.

'மேலே உள்ள மூன்றையும் நான் கேட்டேன். இரண்டாவதும் மூன்றாவதும் சொன்னது எங்கள் ஆட்கள். நாங்கள் ஜெயித்தோம். நான் வாயை மூடிக்கொண்டேன்.' கீழே 'தமயந்தி' என்று முழுக் கையெழுத்து, தேதியோடு.

"இதைக் குடுத்தா உங்க வேலை போயிடும்க்கா."

"போகலாம்."

"முதல் வரியை மட்டும் தனியா எழுதிக் குடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

"மாட்டேன். நாலும் ஒண்ணாத்தான் போகும். வேண்டாம்னா கிழிச்சுப் போடு, குப்பைக் கூடை அங்க இருக்கு. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மணி நாலேகால். லீக் அலுவலகம் அரை மணி நேரத் தூரம். வெளியே மைதானத்தில் மற்றவர்கள் பயிற்சியில் இருந்தார்கள். விசில் சத்தமும் யாரோ யாரையோ திட்டுகிற சத்தமும் உள்ளே வரைக்கும் கேட்டன.

வியானி தாளைக் கிழிக்கவில்லை. மடிக்கவும் இல்லை. படத்தை மடியில் வைத்துக்கொண்டு, இருபத்தேழாம் எண் மேல் விரலை வைத்தான்.

"இந்தப் பையன் யாருக்கா? இப்ப எங்க ஆடுறான்?"

"நீதான் மூக்கை உடைச்சியே."

வியானி படத்திலிருந்து விரலை எடுத்து, கையை நீட்டினான். தமயந்தி பேனாவைக் கொடுத்தார். அவன் படத்தையே அடியில் பலகை போல வைத்து, மூன்றாவது வரிக்கு மேல் விட்டிருந்த இடத்தில், 'வியானி, அமல்தாஸிடம்' என்று எழுதினான். எழுத்து கோணலாக வந்தது.

தாளைப் பைக்குள் வைத்துக்கொண்டு எழுந்தான். கதவு வரைக்கும் நொண்டிக்கொண்டு போனவன் அங்கேயே நின்றான். திரும்பவில்லை.

"அக்கா. அன்னைக்கு நான் அப்படிச் சொன்னதும் அவன் என்ன சொன்னான்?"

தமயந்தி தரையில் கிடந்த ஐஸ் பையைக் குனிந்து எடுத்தார்.

"நீ சொன்னது அவன் மண்டையில ஏற ஒரு நிமிஷம் ஆச்சு, வியானி. அதுக்குள்ள நீ தூக்கிவிட்டுட்டியா... 'தேங்க்ஸ் அண்ணா'ன்னான்."