நாற்பத்தொரு சிவப்புப் புள்ளிகள்

மூங்கில்குன்றுப் பயிற்சிப் பள்ளியில் மேகத்துக்கு வாசல், ஜன்னல் என்ற பேதமெல்லாம் கிடையாது. விடிந்ததும் உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். புரோகிராம் எழுதக் கற்க வந்தவர்கள் அந்த வெள்ளைக்குள் ஆளுக்கொரு திரையோடு இருப்பார்கள். வெளிச்சம் தெரியும், முகம் தெரியாது.

அங்கே இருப்பவர்களில் வயதில் மூத்த மாணவர் சடையாண்டி. ஐம்பத்து மூன்று முடிந்துவிட்டது. ஊரில் வயர்மேனாக இருந்தவர். ஆசிரியை தமயந்தி அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அவர் அவளை டீச்சர் என்பார். அவள் அவரை அண்ணே என்பாள்.

மூன்று வாரமாக அந்த மனுஷனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆற்றில் தண்ணீர் ஏறினால் கரையிலுள்ள அபாயச் சங்கு தானாக ஊத வேண்டும். அந்தப் புரோகிராம் அவர் எழுதியது. ஐப்பசி மழையில் ஒருநாள் வெள்ளம் வந்தது, சங்கு ஊதவில்லை. படுகையில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த அவருடைய அக்கா செவந்தி, ஒரு கருவேல மரத்தைக் கட்டிக்கொண்டு உயிர் பிழைத்தாள். முந்நூறு வாத்து போனது போனதுதான். மிச்சத்தை வைத்துக்கொண்டு இன்னமும் அதே படுகையில் பட்டி போட்டிருக்கிறாள். தம்பி வைத்த சங்கு இருக்கிறதாம். மழையும் விடுவதாயில்லை.

"தப்பு கெடைச்சுதா அண்ணே?"

"இல்ல டீச்சர். வரிக்கு வரி நிறுத்திப் பார்த்துட்டேன்."

தமயந்தி குனிந்து பார்த்தாள். திரையின் ஓரம் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு பிரேக்பாயிண்ட். ஓடுகிற புரோகிராம் அங்கே வந்ததும் நின்றுவிடும், அவர் போ என்றால்தான் நகரும். நாற்பத்தொன்று இருந்தன. அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது.

"நிறுத்தி நிறுத்தி ஓட்டினா?"

"ஒவ்வொரு தடவையும் ஊதுது. சும்மா விட்டா என்னைக்கோ ஒருநாள் ஊதாம விட்டுடுது. ஏன் டீச்சர்?"

"எனக்கு ஒரு டீ வேணும். சமையக்கட்டுலேர்ந்து எடுத்துட்டு வாங்க."

டம்ளரோடு அவர் திரும்பினார். இரண்டடி வைத்ததும் மேகத்துக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது. "நில்லுங்க." நின்றார். "வாங்க." நடந்தார். "நில்லுங்க." இப்படியே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. டீதான் ஆறிப்போயிருந்தது.

"இன்னொண்ணு. இந்தத் தடவை நான் நிறுத்த மாட்டேன்."

அதே நடை, அதே திருப்பம். சாம்பார்ச் சட்டியோடு எதிரே வந்த சமையல்காரர் அந்தோணி மேல் முட்டிக்கொண்டார். டீயும் சாம்பாரும் சட்டையைச் சமமாகப் பங்கிட்டுக்கொண்டன. அந்தோணி திட்டியதை இங்கே எழுத முடியாது.

சடையாண்டி சட்டையைத் துடைத்தபடி வந்தார். "மொத தடவை நான் வந்தப்போ இவர் எங்க இருந்தார்?"

"அப்பவும் இதே வழியாத்தான் இன்னொரு சட்டியோட போனார். நீங்க நின்னுட்டிருந்ததால முட்டல."

அவர் துடைப்பதை நிறுத்தினார்.

தமயந்தி உட்கார்ந்து எல்லாப் புள்ளிகளையும் அழித்தாள்.

"டீச்சர், ஒவ்வொண்ணும் யோசிச்சு வெச்சது."

"தெரியும் அண்ணே. பயந்து பயந்து வெச்சது."

பிறகு ஒரே ஒரு புள்ளி வைத்தாள். அதற்கு ஒரு கண்டிஷனும் போட்டாள். தண்ணீர் அபாயக் கோட்டைத் தாண்டியிருந்து, சங்கு ஊதாமல் இருந்தால் மட்டும் நில். அந்த மழைநாளின் அளவுகளையே திரும்பத் திரும்ப ஓடவிட்டாள்.

எங்கும் நிற்காமல் ஓடுவதைப் பார்த்துச் சடையாண்டியின் விரல் தானாக நிறுத்தும் பொத்தானைத் தேடியது. மேகம் மெதுவாக மேசைமேல் ஏறி இறங்கியது. மழைநாள் வந்தது, போனது, மறுபடி வந்தது. அக்கா எங்கோ அந்த வெள்ளைக்குள் வாத்துகளை ஓட்டிக்கொண்டு போவதுபோல் அவருக்குத் தோன்றியது. கூப்பிடக்கூட வாயெடுத்தார்.

அறுநூற்றுச் சொச்சமாவது தடவையில் நின்றது.

பார்த்தார். ஆற்றின் மேல்புறம் ஒன்று, கீழ்ப்புறம் ஒன்றாக இரண்டு அளவுமானிகள். ஒன்று 'வெள்ளம்' என்று எழுதிய அதே நொடியில் மற்றது வந்து அதன்மேலேயே 'ஒன்றுமில்லை' என்று எழுதியிருந்தது. சங்கு பின்னால் வந்ததைத்தான் படித்தது.

ஒன்று எழுதியதைச் சங்கு படித்து முடிக்கும்வரை மற்றது காத்திருக்கும்படி மாற்றினார். ஆயிரம் தடவை ஓட்டினார். ஆயிரம் தடவையும் ஊதியது. திருத்திய புரோகிராமை ஆற்றங்கரைச் சங்குக்கும் அனுப்பிவைத்தார். முகம் மட்டும் தெளியவில்லை.

"இன்னும் என்ன அண்ணே?"

"அக்கா அன்னைக்குச் சங்கு ஊதினதாத்தான் நெனச்சிட்டிருக்கு. தனக்குத்தான் காது மந்தமாயிடுச்சுன்னு பாக்கிறவங்ககிட்டயெல்லாம் சொல்லுது. நானும் கேட்டுட்டுச் சும்மா இருந்துட்டேன்." அவருக்கு அவமானமாக இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்குப் போய்ச் சொல்லிடறேன். ஆனா எப்படிச் சொல்ல? ரெண்டு மானி, ஒரே நொடி, ஒண்ணுமேல ஒண்ணு எழுதினது, எல்லாத்தையும் ஒண்ணொண்ணா நிறுத்தி விளக்கினாத்தானே டீச்சர் அதுக்குப் புரியும்?"

"அதெல்லாம் ஓடிப் போகட்டும் அண்ணே. 'உன் காது நல்லாத்தான் இருக்கு அக்கா'ங்கிற இடத்துல மட்டும் நில்லுங்க."