ஊசிப் படிகம்

பேராசிரியர் மங்கையர்க்கரசி தன் மாணவர்களின் ஆய்வகத்துக்குள் கால் வைத்ததே இல்லை. கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் பேசுவார். புதிதாக வருகிறவர்கள் தலைக்கனம் என்று முணுமுணுப்பார்கள். அப்படியே இருந்தாலும் அவருக்குத் தகும்தான். காய்ச்சல் மருந்து ஒன்றைச் சதுரப் படிகமாக வளர்த்து அவர் எழுதிய கட்டுரையை, அந்த மருந்தைத் தொட்ட அத்தனை பேரும் மேற்கோள் காட்டியிருந்தார்கள்.

குணபாலன் அவருடைய சீடர். நாற்பதைத் தாண்டியவர், கல்லூரி வேலையை விட்டுவிட்டு ஆய்வுக்கு வந்தவர். அதே மருந்தை அவர் ஊசி ஊசியாக வளர்த்துவிட்டார். ஊசி தண்ணீரில் சட்டென்று கரையும். குழந்தைக்குக் காய்ச்சல் சீக்கிரம் இறங்கும். கட்டுரையும் வெளிவந்தது. ஒருவரும் சீண்டவில்லை. மேற்கோள் இல்லாதவருக்கு எங்கே வேலை கிடைக்கும்? மனைவி இப்போதெல்லாம் வேலையைப் பற்றிக் கேட்பதையே நிறுத்திவிட்டாள். அதுதான் அவரை அதிகம் வாட்டியது.

ஒரு நாள் காலையில் ஆய்வகத்திலிருந்து வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டுக் கேட்டே விட்டார்.

"மேடம், உங்க கட்டுரையை உலகமே மேற்கோள் காட்டுது. என்னோடதை ஏன் ஒருத்தரும் காட்டலை?"

"அவங்களுக்கு ஊசி வளரலை. அதான்."

"நான் எழுதினபடி செஞ்சா ஏன் வளராது?"

"அந்த ஆய்வகங்களுக்கெல்லாம் நான் போயிருக்கேன்."

குணபாலன் சிரித்தார். பேராசிரியர் சிரிக்கவில்லை.

"ஒரு ஊர்ல இதே மருந்தை இலை மாதிரி வளர்த்திருந்தாங்க. மாலை போட்டுக் கூட்டிட்டுப் போனாங்க. குனிஞ்சு பார்த்தேன், அவ்வளவுதான். மறுநாள் எல்லாம் சதுரம். அதுக்கப்புறம் அங்க இலை வளரவே இல்லை. இன்னொரு ஊர்ல இறகு மாதிரி. அங்கயும் சதுரம். எல்லாரும் என்னை மேற்கோள் காட்டினாங்க. எனக்குப் பயம் வந்துடுச்சு."

"தூசி மேடம். உங்க சேலையில சதுரப் படிகத்தோட துகள் ஒட்டியிருக்கும். ஒரு துகள் விழுந்தா போதும், முழுக்க அந்த வடிவத்துக்கே மாறிடும். குளிச்சுத் துணி மாத்தினா சரியாயிடும்."

"குளிச்சேன். துணியை எரிச்சேன். மொட்டைகூடப் போட்டுப் பார்த்தேன்."

குணபாலனுக்கு நம்பிக்கை வரவில்லை. ஆசைதான் வந்தது.

"என் ஊசியைக் கண்ணால பார்த்தேன்னு நீங்க ஒரு வரி எழுதினா போதும் மேடம். எல்லாரும் என்னையும் திரும்பிப் பார்ப்பாங்க."

"வேண்டாம் குணபாலன். அது உங்ககிட்டயே இருக்கட்டும்."

"நீங்க உள்ள வர வேண்டாம். நானே கொண்டு வர்றேன்."

தடுப்பதற்குள் போய்விட்டார். கதவு திறந்தபடி நின்றது. கண்ணாடித் தட்டை இரண்டு கைகளிலும் ஏந்தி வந்து நீட்டினார். ஊசிகள் வெயிலில் மின்னின. பேராசிரியர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு முகத்தைத் திருப்பினார்.

தட்டின் ஓரம் வெளுத்தது. அரிசி பொரிவது போல மெல்லிய சத்தம். ஊசிகள் ஒவ்வொன்றாக ஒடிந்தன. ஒடிந்த இடத்தில் சதுரங்கள் எழும்பின. குணபாலன் தட்டை நெஞ்சோடு சேர்த்து மறைத்துக்கொண்டார். மறைத்து என்ன பயன்? தட்டு முழுக்கச் சதுரமாகி ஓய்ந்தது.

ஆனாலும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தார். திறந்த கதவுக்கு உள்ளே, அலமாரியில் இருந்த எல்லாத் தட்டுகளும் பொரிந்துகொண்டிருந்தன.

அவருக்கு அழுகை வந்தது. வெட்கப்படாமல் அழுதார்.

"இனி வளராதா மேடம்?"

பேராசிரியர் எழுந்து கதவைச் சாத்தினார். பிறகு இன்னொரு நாற்காலியை இழுத்துத் தன் பக்கத்தில் போட்டார்.

குணபாலன் வெகுநேரம் நின்றுவிட்டு, அதில் உட்கார்ந்தார்.

"இதை நான் எப்படி எழுதறது?"

"எல்லாரும் எழுதின மாதிரிதான். என் பேரைப் போட்டு, பக்கத்துல வருஷத்தைப் போடுங்க."