நடந்தாதான் பேச்சு வரும்

ஒரு ஊர்ல ஒரு லொடலொட வாய்க்காரி இருந்தா. பேரு சண்முகக்கனி.

"அது உன் பேராச்சே அத்தை!"

ஊருல ஒருத்திக்குத்தான் அந்தப் பேரா? பேசாம ம் கொட்டு.

"ம்."

அவ லேப் டெக்னீஷியன் படிப்பு படிச்சா. ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற படிப்பு. எழுதுற பரீட்சையெல்லாம் பாஸ். அப்புறம் கடைசியில வைவான்னு ஒண்ணு உண்டு. வெளியூர்லேர்ந்து ஜெபராஜ் சார்னு ஒருத்தர் வந்து, எதிர்ல உக்கார வெச்சுக் கேள்வி கேப்பார், வாயால பதில் சொல்லணும். இந்த மகராசியோ ஹாஸ்டல் மொட்டை மாடியில விறுவிறுன்னு நடந்து நடந்தே மனப்பாடம் பண்ணினவ. கால் நகர்ந்தா வாய் நகரும். உக்கார்ந்தா? கப்சிப்!

முதல் வருஷம் சார் கேட்டார், "ரத்த வகை எப்படிம்மா கண்டுபிடிப்பே?" இவ திருதிருன்னு முழிச்சா. அப்புறம் ஈன்னு சிரிச்சா. பெயில்.

"ம்."

அடுத்த வருஷம் அதே சார், அதே நாற்காலி. அப்போ இந்த அறிவாளி என்ன பண்ணினா? மேஜைக்கு அடியில காலை மட்டும் டக்டக்டக்னு ஆட்டிப் பார்த்தா. சார் பாவப்பட்டு, "பாத்ரூம் போகணுமாம்மா? போயிட்டு வா"ன்னார். இந்த லூசும் எழுந்து போயிடுச்சு! மறுபடி பெயில்.

"ஐயோ!"

ஐயோதான். இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு. அதுவும் போச்சுன்னா சர்டிபிகேட் கிடையாது, ஆஸ்பத்திரியில சொல்லி வெச்சிருந்த வேலையும் கிடையாது. அன்னிக்குக் காலையில இட்லிகூட உள்ள இறங்கலை. எனக்கு... சரி, அவளுக்கு, அவ்வளவு பயம்.

சார் அதே ரத்த வகைக் கேள்வியைக் கேட்டார். இனிமே மானமாவது மண்ணாவதுன்னு, "சார், நடந்துக்கிட்டே சொல்லலாமா?"ன்னு கேட்டுட்டா. சார் மூக்குக்கண்ணாடியைக் கழட்டி அவளை ஒரு பார்வை பார்த்தார். "நடம்மா."

அவ்வளவுதான்! கண்ணாடித் தகட்டுல மூணு சொட்டு ரத்தம் வெச்சு, மேல மருந்து விட்டு, குச்சியால கலக்கி, எது திரிதிரியாத் திரளுதுன்னு பாக்கணும் சார்னு சடசடன்னு கொட்டுறா. அவ மேஜையைச் சுத்துறா, சார் கழுத்தும் சேர்ந்து சுத்துது. அப்புறம் வேகம் புடிச்சு, வாசலைத் தாண்டி, வராந்தாவுல போய்க்கிட்டே இருக்கா! பின்னாடி சார் மார்க் ஷீட்டைத் தூக்கிக்கிட்டு லொங்குலொங்குன்னு ஓடி வர்றார். "போதும்மா! பாஸும்மா! நில்லும்மா!"

"ஹிஹி... திட்டலையா அத்தை?"

திட்டலை. தூணைப் புடிச்சுக்கிட்டு மூச்சு வாங்கினார். அப்புறம் கேட்டார், "இதை ஏம்மா முதல் வருஷமே கேக்கலை? அப்பவும் நடன்னுதானே சொல்லியிருப்பேன்."

ரெண்டு வருஷம்டி குட்டி. அந்த ஒரு வரி கேக்க வெக்கப்பட்டு ரெண்டு வருஷத்தைத் தொலைச்சேன் நான்.

கதையும் ஆச்சு, உனக்குக் கொட்டாவியும் வந்தாச்சு. தூங்கு.