சாக்குச் சொன்ன கரடி

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. எந்தக் காடு என்று கேட்காதீர்கள். கதையைக் கேளுங்கள்.

கரடியின் பெயர் சடையன். வீம்பு பிடித்தது. மரத்தில் ஏறிப் பறித்த பழத்தைத்தான் தின்னும். கீழே விழுந்ததை முகர்ந்துகூடப் பார்க்காது. "பொறுக்கித் தின்பது பன்றி வேலை" என்று சொல்லும்.

ஆடி வந்தது. சடையன் நாவல் மரத்தில் பாதி ஏறியது. கால் நடுங்கியது. இறங்கிவிட்டது.

கீழே மூக்கன் என்ற காட்டுப்பன்றி மேய்ந்துகொண்டிருந்தது. மனதில் பட்டதைப் பட்டென்று கேட்டுவிடும்.

"என்ன அண்ணே, வெறுங்கையோடு இறங்கிட்டீங்க?"

"ஆடிக்காற்றுடா. மரத்தைப் போட்டு ஆட்டுகிறது."

ஐப்பசியில் அத்தி மரம். கால்வாசிகூட ஏறவில்லை. "மழையில் பட்டை வழுக்குகிறது" என்றது.

மார்கழியில் நெல்லி. அது உயரமான மரமே இல்லை. "பனியில் விரல் மடங்கவில்லை" என்றது.

"பொறுக்கித் தின்னுங்க அண்ணே. யார் பார்க்கப் போறாங்க?"

"நீ பார்ப்பாயே!"

புற்றைத் தோண்டிக் கறையான் தின்று நாளை ஓட்டியது. அத்தனை பெரிய உடம்புக்குக் கறையான் எந்த மூலைக்கு? வயிறு ஒட்டிப்போயிற்று. அவ்வளவு அடர்ந்த மயிருக்குள்ளும் விலா எலும்பு தெரிந்தது.

மாசிக் கடைசி. விளாமரம் நிறையப் பழம். காற்றில்லை. மழையில்லை. பனியும் விட்டுவிட்டது. பழிபோட ஒரு பருவமும் மிச்சமில்லை.

சடையன் ஏறியது. ஓர் ஆள் உயரம்தான். பிடி விட்டது. பொத்தென்று விழுந்தது.

மூக்கன் புதருக்குள்ளிருந்து ஓடி வந்தது. "அடடா! பழம் விழுந்ததென்று வந்தேன். நீங்களா அண்ணே?"

சடையன் முறைத்தது. எழப் பார்த்தது. இடுப்பு ஒத்துழைக்கவில்லை.

"பழம்தான்டா" என்றது. "எனக்கு வயதாகிவிட்டது."

மூக்கன் சிரிக்கவில்லை. கீழே கிடந்த ஒரு விளாம்பழத்தை மூக்கால் உருட்டி, சடையனின் வாயருகே விட்டது. விழுந்த வேகத்தில் அதன் ஓடு வெடித்திருந்தது.

சடையன் ஒரு நக்கு நக்கியது. மறுபடியும் நக்கியது.

"என்னடா இப்படி இனிக்கிறது? நான் ஏறிப் பறித்ததெல்லாம் புளிக்குமே!"

"நீங்க பறிச்சது காய் அண்ணே. பழுத்தால் மரமே விட்டுடும்."

சடையன் ஐந்து பழம் தின்றது. பிறகு மெல்ல எழுந்தது.

"கறையான் தின்பாயா?"

"கொடுத்தால் தின்பேன்."

"நாளைக்கு வா. புற்றுத் தோண்ட நகம் இன்னும் இருக்கிறது."

நீதி: மூப்பைப் பருவத்தின் தலையில் கட்டாதே. ஒப்புக்கொள், அதற்கும் ஒரு பழம் உண்டு.