தண்ணீர் இல்லாத நாழிகை

முன்னொரு காலத்தில், மாதம் மும்மாரி பெய்த ஒரு நாட்டில், தண்ணீரைக் கண்டாலே முகத்தைச் சுளிக்கும் ஒரு ராஜா இருந்தார். பெயர் விசயபூபதி. பிறக்கும்போதே அப்படி இல்லை. அரண்மனை வைத்தியர் ஏகாம்பரப் பண்டிதர்தான் அவரை அப்படி ஆக்கிவிட்டார்.

பண்டிதர் ஒரு நாள் சபையில் சுடாத செங்கல் ஒன்றைத் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அது கரைந்து சேறாகிப் போனது. "மகாராஜா! மல்லர் உடம்பும் இப்படித்தான். பயிற்சி நேரத்தில் தண்ணீர் குடித்தால் தசை கரையும். தாகம் எடுத்தால் அடியேனின் பலபீம லேகியத்தில் ஓர் உருண்டை போதும்" என்றார். ராஜா உச்சி குளிர்ந்து போனார். அன்றிலிருந்து மல்லர் களத்தில் தண்ணீருக்குத் தடை விழுந்தது.

சபை விகடன் கூத்தாண்டிக்கு இது வேடிக்கையாகத்தான் இருந்தது, அவன் தங்கை புருஷன் வீரணன் களத்தில் சுருண்டு விழும்வரை. யானைக்குட்டி மாதிரி இருந்த ஆள், உதடு வெடித்து, கண் செருகிக் கிடந்தான். கூத்தாண்டி அவன் வாயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டு எழுப்பினான்.

"நாளைக்கும் போகணும் மச்சான். போகலைன்னா ராஜ துரோகம்பாங்க" என்றான் வீரணன்.

"போ. ஆனா நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அந்தக் களத்துக்குத் தண்ணி வரும். வரலைன்னா நான் விகடன் இல்ல" என்றான் கூத்தாண்டி. சிரிக்காமல் சொன்னான். அவன் சிரிக்காமல் பேசியது அன்றுதான்.

நேரே சபைக்குப் போனான். "மகாராஜா, ஒரு சந்தேகம். செங்கல்லுக்கு வேர்க்குமா?"

சபை கொல்லென்று சிரித்தது. பண்டிதர் முகம் சிவந்தது. இந்த ஆளை ஒழிக்க இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று கணக்குப் போட்டார்.

"மகாராஜா! ஆணையைக் கேலி செய்பவரையே அதற்குக் காவல் வையுங்கள். நாளை தாங்களே களத்தில் கர்லாக்கட்டை சுற்றப் போகிறீர்கள். நேரம் காட்டும் நாழிகை வட்டிலையும் அதைப் பார்த்து அடிக்கும் சேகண்டி மணியையும் கூத்தாண்டி பார்க்கட்டும். சேகண்டி பதினைந்து அடிக்கும்வரை களத்தின் நான்கு சுவருக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. இருந்தால் மொட்டையடித்துக் கழுதைமேல் ஏற்றி நாடு கடத்துங்கள். அந்தச் சொல்லையே அவர் வாயால் உச்சரிக்கக் கூடாது!"

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

"உத்தரவு, மகாராஜா. ஓலையில் எழுதி முத்திரை வைத்துக் கொடுத்தால் நலம்" என்றான் கூத்தாண்டி. கொடுத்தார்கள்.

அந்தக் களத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. அரசர் கட்டை சுற்றும் நாளில் மற்றவர்கள் ஓரமாக நிற்க வேண்டும். உச்சிவேளையில் பதினைந்தாம் சேகண்டி ஒலிக்கும்வரை அரசர் கட்டையைக் கீழே வைக்கக் கூடாது. அவர் சுற்றத் தொடங்கிய பின் யாரும் வாசலைத் தாண்டவும் கூடாது. ராஜாவின் பாட்டனார் ஏற்படுத்திய விதி அது.

விடியுமுன்பே கூத்தாண்டி மல்லர்கள் நாற்பது பேரையும் மதிலுக்கு வெளியே நிறுத்தி, வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கவைத்தான். உள்ளே போனதும் எல்லோரையும் மதில் நிழலில் நிற்கச் சொன்னான். பிறகு நாழிகை வட்டிலிடம் வந்தான். பெரிய அண்டாவில் தண்ணீர். அதன்மேல் அடியில் ஊசித்துளை போட்ட செப்புக் கிண்ணம். கிண்ணம் மெல்ல நிரம்பி மூழ்கினால் ஒரு நாழிகை, ஒரு சேகண்டி. கூத்தாண்டி ஓலையை ஒரு தடவை படித்தான். அண்டாவை வெளியே கொண்டுபோய்க் கவிழ்த்தான். காலி அண்டாவுக்குள் கிண்ணத்தை வைத்துவிட்டு, பக்கத்தில் சப்பணமிட்டு உட்கார்ந்தான்.

ராஜா கட்டை சுற்றினார். வேர்த்துக் கொட்டியது. கூத்தாண்டி ஓடிப்போய்த் துண்டால் துடைத்து, துண்டை வாசல் காவலனிடம் கொடுத்து வெளியே ஒரு செம்பில் பிழியவைத்தான். மறுபடி ஓடினான், துடைத்தான். பார்த்தவர்கள் அதைப் பணிவு என்று நினைத்தார்கள்.

சூரியன் உச்சிக்கு வந்து, தாண்டியும் போனது. சேகண்டி ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. ராஜாவின் கையில் கட்டை தாழ்ந்து தாழ்ந்து எழுந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது.

"கூத்தாண்டி! ஏன் இன்னும் அடிக்கவில்லை?"

"கிண்ணம் மூழ்கவில்லையே, மகாராஜா."

"ஏன் மூழ்கவில்லை?"

"அதை மூழ்கவைக்கும் பொருளின் பெயரை நான் சொல்லக் கூடாது. அது இந்த நான்கு சுவருக்குள் இருக்கவும் கூடாது. தங்கள் முத்திரை இதோ. தங்கள் மேனியில் சுரந்ததைக்கூட விடாமல் துடைத்து வெளியேற்றிவிட்டேன். ஆனால் இப்போது வேர்ப்பதும் நின்றுவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது."

ராஜாவுக்குத் தலை சுற்றியது. "பண்டிதரே, என்ன செய்வது?"

வேடிக்கை பார்க்க வந்து, வாசலைத் தாண்ட முடியாமல் காலை முதல் வெயிலில் காய்ந்து நின்ற பண்டிதர், "லே... லேகியம்" என்றார்.

"முதலில் நீர் சாப்பிடும்!"

பண்டிதர் ஓர் உருண்டையை வாயில் போட்டார். வறண்ட வாயில் அது கரையவும் இல்லை, இறங்கவும் இல்லை. பல்லோடு பல் ஒட்டிக்கொண்டது. "ம்... ம்ம்..." என்று கையால் தொண்டையைக் காட்டினார்; பிறகு இரண்டு கையையும் குவித்து வாயருகே கொண்டுபோனார். குடிக்க வேண்டுமாம்!

"ஆணை ரத்து!" என்று ராஜா கரகரத்தார். "கொண்டு வா, தண்ணீர்!"

வாசலில் தயாராக நின்ற குடங்கள் உள்ளே வந்தன. "மெதுவாக, மிடறு மிடறாக, மகாராஜா" என்று நிழலில் உட்காரவைத்துக் கொடுத்தான் கூத்தாண்டி. கொஞ்ச நேரத்தில் ராஜாவுக்குக் கண் தெளிந்தது. கூத்தாண்டி அந்தச் செம்பை எடுத்துவந்து காட்டினான். கழுத்துவரை வியர்வை.

"துண்டில் சிக்கியதே இவ்வளவு, மகாராஜா. இத்தனையும் தங்கள் உடம்பிலிருந்து போனது. திரும்ப உள்ளே போனது ஒன்றுமில்லை. வீரணன் இப்படித்தான் விழுந்தான்."

ராஜா செம்பைப் பார்த்தார். நிழலில் நின்ற வீரணனைப் பார்த்தார். பிறகு, இன்னும் வாய் திறக்க முடியாமல் குடத்தோடு போராடிய பண்டிதரைப் பார்த்ததும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் கூத்தாண்டிக்குப் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"கிண்ணம் நிரம்பி மூழ்கும்போதெல்லாம் ஒவ்வொரு மல்லனும் நான்கு மிடறு குடிக்க வேண்டும். ஊற்றிக் கொடுப்பது பண்டிதர் வேலை."

"அப்படியே!"

அண்டாவில் மறுபடி தண்ணீர் ஊற்றினார்கள். கிண்ணம் மிதந்தது, நிரம்பியது, மூழ்கியது. கூத்தாண்டி அன்றைய முதல் சேகண்டியை ஓங்கி அடித்தான். பண்டிதர் குடத்தைத் தூக்கிக்கொண்டு வீரணனிடம் ஓடினார்.