நடுங்கிய விண்டோ

"டீச்சர், விண்டோ ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா நடுங்குது. அப்புறம் அப்படியே ஒறஞ்சு போகுது."

சொன்னவர் ஏகாம்பரம். மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர். சொன்னது ஜெனோவாவிடம். அவர் மகள் வயதுதான் இருக்கும். தூத்துக்குடியில் ஒரு மாடியில் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்துகிறாள். வயதைப் பார்த்தால் புரோகிராம் வருமா?

"யாரு இழுக்கா?"

"எங்க வீட்டுலதான்."

அவர் மனைவி செண்பகத்துக்குப் பக்கவாதம். பேச்சு போய்விட்டது. இடது கை மட்டும் மிச்சம். அந்தக் கை தொட்டுப் பேசத்தான் அவர் இந்தப் புரோகிராமை எழுதினார். திரை முழுக்க எழுத்துக் கட்டங்கள். தொடத் தொடச் சொல்லாகச் சேரும்.

கண் மங்கல் அவளுக்கு. எழுத்து பெரிசாகட்டும் என்று விண்டோவை இழுத்தாள். எழுத்தெல்லாம் சாமியாடின. பிறகு செத்தாற்போல் நின்றன.

"தான்தான் ஒடச்சிட்டோம்னு நெனச்சுட்டா டீச்சர். போர்வைக்குள்ள வச்ச கையை வெளிய எடுக்கவே மாட்டேங்கா."

ஜெனோவா கம்ப்யூட்டரைத் திரும்பியும் பார்க்கவில்லை.

"இழுத்ததும் உங்க புரோகிராம் என்ன செய்யுது?"

"அளவு மாறிட்டுன்னு சேதி வரும். கட்டம் வெட்டுப்படக் கூடாதுல்லா? அகலத்தைத் திருத்துதேன்."

"திருத்தினதும்?"

"உயரம் பிசகும். அதையும் திருத்துதேன்."

"அப்புறம்?"

"அகலம் பிசகும். அளவு மாறிட்டுன்னு மறுபடி சேதி வரும். மறுபடி திருத்துதேன்." குரலில் கொஞ்சம் பெருமை. "ஆபீஸ்ல இருந்தப்பவும் வந்த புகாரைக் கிடப்புல போட்டதே இல்ல டீச்சர்."

"நல்ல பழக்கம்."

எழுந்தாள். கீழே போய்விட்டாள்.

ஏகாம்பரம் காத்திருந்தார். ஆளைக் காணோம். கடுப்போடு இறங்கினார். வீட்டில் ஒருத்தி வாயடைத்துக் கிடக்கிறாள், இவளுக்கு இப்போது என்ன சோலி?

ஒடுக்கமான படி. பாதியில் அவள் எதிரே வந்தாள், இரண்டு கையிலும் டீ.

அவர் இடப்பக்கம் நகர்ந்தார். எதிரே அவளும் அதே பக்கம்.

வலப்பக்கம் போனார். அவளும் அந்தப் பக்கம்.

"நீங்க போங்க டீச்சர்."

"நீங்க போங்க அண்ணாச்சி."

மறுபடி இந்தப் பக்கம். மறுபடி அந்தப் பக்கம். மரியாதைக்குக் குறைவில்லை. வழிதான் இல்லை. டீ தளும்பி அவர் வெள்ளைச் சட்டையில் கொட்டியது.

கீழே செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மாணவி ஒருத்தி சிரித்தாள். "என்ன அண்ணாச்சி, கும்மியா?"

அவருக்கு அலுத்துவிட்டது. சுவரில் முதுகை ஒட்டி அசையாமல் நின்றார்.

ஜெனோவா ஏறிப் போய்விட்டாள். மேலேயிருந்து குரல் வந்தது.

"இப்ப எப்படி அண்ணாச்சி வழி கெடச்சுது?"

"நான் சும்மா நின்னேன். அதான்…"

சட்டென நிமிர்ந்தார்.

பிறகு படியில் அவர் ஏறிய வேகம், அந்த வயதுக்கு அதிகம். டீயைத் தொடவில்லை. புரோகிராமைத் திறந்தார். செண்பகம் இழுத்து வந்த சேதியா, ஒருமுறை திருத்து. நீயே திருத்தி வந்த சேதியா, சும்மா இரு. அவ்வளவுதான் சேர்த்தார்.

அதே சட்டையோடு வீட்டுக்கு ஓடினார்.

"செண்பகம், தப்பு ஒம்மேல இல்ல. எம்மேலதான். இழுத்துப் பாரு."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தலையணையைச் சரிசெய்யப் போன கையை மடியில் வைத்துக்கொண்டார். இன்னொரு முறை சொல்ல வந்ததை விழுங்கினார். உட்கார்ந்திருந்தார்.

வெகுநேரம்.

போர்வை அசைந்தது. இடது கை வெளியே வந்தது. ஓரத்தைப் பிடித்து இழுத்தாள். எழுத்துகள் பெரிசாயின. ஒருமுறை ஒழுங்காயின. நின்றன.

அவள் எழுத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள், மேலும் கீழும். விரல் முதல் கட்டத்தைத் தொட்டது.

மறுநாள் காலை அதே படி. ஜெனோவா இறங்கி வந்தாள். ஏகாம்பரம் சுவரோடு ஒட்டி நின்று கைகூப்பினார். கண் நிறைந்திருந்தது.

அவள் அவர் நெஞ்சிலிருந்த கறையைப் பார்த்தாள்.

"ஏன் அண்ணாச்சி, அந்தச் சட்டையை மாத்தக் கூடாதா?"

"வீட்டுல அவளும் அதையேதான் கேட்டா டீச்சர்."